ஒன்றேகால் அடி

வலது காலைத் துடைத்து முடித்து இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன தண்ணி இவ்ளோ சூடா இருக்கு? கோழி உரிக்கவா போற?"

"உடம்புல ஒண்ணும் இல்லாட்டியும் வாய் மட்டும் அப்படியே இருக்கு," என்றாள் அவள். துணியைப் பிழிந்து இரண்டு தடவை உதறி ஆறவைத்துவிட்டு, விரல் இடுக்குகளைத் துடைத்தாள். கணுக்கால் எலும்பு கைக்குத் தனியாகத் தட்டுப்பட்டது. தையல்காரி அவள். நான்கு மாதத்தில் அவருடைய கால்சட்டைகளை மூன்று தடவை இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தாள். நாலாவது தடவைக்குத் துணியில் இடமில்லை, தேவையும் வராது. நேற்று வந்த டாக்டர் மருந்து எதுவும் எழுதாமல் பையை மூடியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கேட்டுவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து வாய் வரைக்கும் வந்து வந்து போனது. இனித் தள்ளிப்போட நாளில்லை.

"என்னங்க."

"ம்."

"நான் உங்கள எங்க கொண்டுபோறது?"

அவர் கண்ணைத் திறந்தார். "எங்க கொண்டுபோவ? குழிக்குத்தான்."

"அதுக்கு முன்னாடி. சர்ச்சுக்குக் கொண்டுபோய்ட்டா, இல்ல நேராவா?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னது சொன்னதுதான்," என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போதுமா! முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். அவள் காலைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் என்ன சொன்னார் என்பது ஊருக்கே தெரியும், அல்லது தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

ஊர் நடுவில் இருக்கும் அந்தச் சர்ச்சுக்கு நூற்றறுபது வயதுக்கு மேல். வாசலில் நின்று பீடத்தைப் பார்த்தால், கட்டடம் பாதி தூரம் நேராகப் போய்விட்டு, அப்புறம் லேசாக வலப்பக்கம் ஒதுங்குவது தெரியும். ஆண்டவர் சிலுவையில் தலை சாய்த்ததைக் காட்டவே அப்படிக் கட்டினார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதில் ஒரு பெருமை வேறு. அவர் மட்டும் நம்பவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்ட மனிதர். ஊரில் பெயரே அளவுகாரர்தான். "தலை சாஞ்சா கழுத்துலேருந்து சாயணும். இது இடுப்புலேருந்து சாயுது," என்று சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற மறு சனிக்கிழமையே அளவு நாடாவோடு கிளம்பினார். நாடாவின் ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை அவள் பிடித்தாள். பதினோரு வருடச் சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

பீடத்துப் பக்கம் ஜன்னல்களின் தலை கூம்பாக இருந்தது. வாசல் பக்கம் வட்டமாக இருந்தது. அங்கே செங்கல் மெல்லிசு, இங்கே தடிமன். பூச்சு உதிர்ந்த இடத்தில் பார்த்தால் அங்கே சுண்ணாம்பு வெள்ளை, இங்கே மணல் கூடிய பழுப்பு. நடுவில் ஓர் அகலமான வளைவு. அதை இடப்பக்கம் தாங்கும் தூண் மற்ற தூண்களைவிட ஒன்றரை மடங்கு பருமன். குண்டுத் தூண் என்றுதான் அதற்குப் பெயர். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் பிரசங்கம் செய்கிறவரின் கண்ணில் படாமல் தூங்கலாம் என்பதால் அந்த வரிசைக்கு எப்போதும் கிராக்கி.

"ரெண்டு பேரு ரெண்டு பக்கத்துலேருந்து தைச்சுக்கிட்டு வந்தா நடுவுல இப்படித்தான் வந்து நிக்கும்," என்று ஒருநாள் அவள் குண்டுத் தூணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "சுருக்கம் வெச்சு அடக்கிடுவோம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடிப்பாவி," என்றார். "ஆறு வருஷமா சும்மாவா நுனியப் பிடிச்சுக்கிட்டு நின்ன?"

விஷயம் அதுதான். பீடத்திலிருந்து கட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் நின்றுபோனார்கள். காய்ச்சலில் செத்தார்களோ, கலைந்து போனார்களோ. முப்பது வருடம் கழித்து வந்தவர்கள், அதற்குள் சாலை இடம் மாறிவிட்டதால், சாலையைப் பார்த்து வாசல் கோபுரத்தை எழுப்பி அங்கிருந்து உள்ளே கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டும் சந்தித்தபோது ஒன்றேகால் அடி விலகி நின்றது. இடித்துக் கட்ட மனமில்லாமல் ஒரு வளைவைப் போட்டு, ஒரு தூணைப் பெருக்க வைத்து இணைத்துவிட்டார்கள். ஆனால் தரையில் மறைக்கவில்லை. வாசலிலிருந்து நடுவாக ஒரு கறுப்புக் கல் கோடு வரும், வளைவுக்குக் கீழே நின்றுவிடும். ஒன்றேகால் அடி தள்ளி வலப்பக்கம் இன்னொரு கோடு ஆரம்பித்துப் பீடத்துக்குப் போகும்.

"தப்ப ஒத்துக்கிட்டு ரெண்டு கோட்டையும் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான் பாரு," என்பார் அவர். "அவன் காலத் தொட்டுக் கும்பிடலாம்." இருபத்து நாலு பக்கத்தில் அதை ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். முதல் பக்கத்தில், "நாடாவின் மறு நுனி: என் மனைவி" என்று அச்சடித்திருந்தது.

அந்த இரண்டு கோட்டினால் ஊருக்கு ஒரு வழக்கமும் இருந்தது. சவப்பெட்டி தூக்கி வருகிறவர்கள் கோட்டை நடுவில் வைத்து நடப்பார்கள். வளைவு வந்ததும் முன்னால் இருப்பவர் மெல்ல, "வலது" என்பார். எல்லாரும் சேர்ந்து ஓர் எட்டு வலப்பக்கம் வைத்து, அப்புறம் மறு கோட்டில் நடப்பார்கள். வைக்காவிட்டால் குண்டுத் தூணில் தோள் இடிக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை அது. அப்பன் தூக்குவதைப் பார்த்து மகன் கற்றுக்கொண்டது.

போன வருடம் ஜல்லி அந்தத் தரையைப் பெயர்த்தார். ஜல்லி என்பது கட்டட கான்ட்ராக்டரின் பட்டப்பெயர். அளவுகாரரும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக உதை வாங்கியவர்கள். ஜல்லியின் அம்மா செத்துப்போனாள். கடைசிக் காலத்தில் தேய்ந்த கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். இனி யாரும் விழக்கூடாது என்று அம்மா பெயரில் சர்ச் முழுக்கப் புது டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். நல்ல டைல்ஸ்தான், வழுக்காது. கறுப்புக் கோடும் போட்டார், ஆனால் ஒரே கோடு. வாசலிலிருந்து பீடம் வரைக்கும், கண்ணுக்குத் தெரியாத சாய்வில் இழுத்து, ஒன்றேகால் அடியை எண்பது அடி நீளத்துக்குள் கரைத்துவிட்டார். அவருக்கு அது நேர்த்தியாகப் பட்டது.

அளவுகாரர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவர், பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் ஜல்லியைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அவள் அன்றைக்குப் போகவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் கவுனுக்கு ஓரம் அடித்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். செத்தாலும் இந்தச் சர்ச்சுக்குள் வரமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டார் என்று மாலைக்குள் நாலு பேர் வந்து சொன்னார்கள். அவரைக் கேட்டால், "சொன்னது சொன்னதுதான்."

சபதம் போடுவதில் மனிதருக்கு அப்படி ஒரு ருசி. அக்கா வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று ஒருதடவை சபதம் போட்டார். அக்கா படுக்கையில் விழுந்தபோது, மிதிக்கத்தான் இல்லை. வெளியே ஜன்னலோரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசினார். "படியத்தான் மிதிக்கமாட்டேன்னேன், ஜன்னலண்ட நிக்கமாட்டேன்னு சொல்லலியே," என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அவருக்கு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டாள்.

ஒன்பது மாதம் அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பி வந்தால், "கூட்டமா?" என்று மட்டும் கேட்பார். அவருக்கு அங்கே போகாமல் எப்படி வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளில் அந்த வளைவுக்குக் கீழேதான் இருவரும் நின்றார்கள். அவரை ஒரே ஒரு தடவை, கடைசியாக, அங்கே கொண்டுபோய்விட வேண்டும். அவர் சொல்லையும் மீறக் கூடாது. இந்த இரண்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்பதுதான் தெரியவில்லை.

பத்து மணிக்கு அவர் திரும்பவும் கண்ணைத் திறந்தார்.

"இணைப்புல ஈரம் இறங்குதா?"

எந்த இணைப்பு என்று அவள் கேட்கவில்லை. "போன வாரம் பாத்தேன். தெரியல."

"அண்ணாந்து பாத்தியா, சும்மா சொல்றியா?"

"சும்மாதான் சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "வளைவுக்கு மேல, ஓடு சேர்ற இடம். மழைக்கு முன்னாடி பாக்கச் சொல்லு."

"யார?"

அவர் போர்வையின் ஓரத்தைத் தடவினார். கொஞ்சம் கழித்து, "மிஷின ஓட்டேன். வீடு சத்தமே இல்லாம இருக்கு," என்றார்.

தைக்க வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்து ஓரம் அடித்தாள். நாலு ஓரமும் முடிந்ததும் இன்னொரு துணி எடுத்தாள். சாப்பிட்ட பிறகும் வந்து உட்கார்ந்தாள். இரண்டரை மணிக்கு நூல் அறுந்தது. ஊசியில் கோர்க்கக் குனிந்தவளுக்கு, அடுத்த அறையில் மூச்சின் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோர்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே புரியவில்லை.

மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், ஒரு வாரமாக லீவு போட்டு வந்து கூடவே இருந்தவள், அந்தக் கால் மணி நேரத்தில் இல்லாமல் போனதற்காக வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்ததும் அம்மாவைவிட அவள்தான் நிதானமாக இருந்தாள்.

"சர்ச் வேணாம்மா," என்றாள். "இங்கேயே ஃபாதர வரச் சொல்லி ஜெபம் பண்ணிட்டு நேரா எடுத்துடலாம். அப்பா வேணாம்னத நாம செய்யக் கூடாது."

"உங்கப்பா வேணாம்னது என்னன்னே நமக்குச் சரியாத் தெரியாதுடி."

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத்தான் தெரியும்," என்றாள் அவள்.

ஐந்து மணி வாக்கில் வெளிக்கேட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. வருகிறவர்களும் போகிறவர்களும் அந்த ஆளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஜல்லி. கேட்டின் மேல் ஒரு கை, தலை குனிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

அவள் எழுந்து போனாள்.

"உள்ள வரலாமா, தங்கச்சி?"

"இதென்ன கேள்வி அண்ணே? உள்ள வாங்க. வாசல்ல நின்னு என் மானத்த வாங்காதீங்க."

ஜல்லி உள்ளே வந்து கட்டிலருகே நின்றார். பெரிய உடம்பு, ஓயாமல் பேசுகிறவர். அன்றைக்குக் குனிந்து நண்பரின் சட்டைக் காலரை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது. அப்புறம் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"காலைல ஆறு மணிக்கு ஆளுங்கள வரச் சொல்லிட்டேன். வளைவுக்குக் கீழ, பெட்டி வைக்கிற இடத்துல, டைல்ஸ உடைச்சு எடுத்துடறோம். அடியில வெறும் மண்ணும் காரையும்தான். அங்க என் தரை இல்ல. அப்ப அவன் வரலாம்ல?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"உங்கம்மா பேர்ல போட்டது அண்ணே."

"அம்மா ஒண்ணும் சொல்லமாட்டா. இவன்தான் சொல்லுவான்."

"இருங்க. அவசரப்படாதீங்க." அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டாள். தானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு உங்ககிட்ட அவர் என்ன சொன்னாரு? நான் அங்க இல்ல. ஊரு சொன்னது எனக்கு வேணாம். அவர் வாயில வந்தத அப்படியே சொல்லுங்க."

"அத எதுக்கு இப்ப..."

"சொல்லுங்க அண்ணே."

ஜல்லி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "மறக்குமா எனக்கு? ஒன்பது மாசமா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். 'உன் தரை என்னத் தாங்க வேணாம்டா. உயிரோடயும் வேணாம், செத்த பிறகும் வேணாம்.' அவ்ளோதான். சொல்லிட்டுப் போயிட்டான்."

"சர்ச்சுக்குள்ள வரமாட்டேன்னு சொல்லலியா?"

ஜல்லி யோசித்தார். "இல்ல. அது இவங்களா சேத்துக்கிட்டது."

அவள் கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரைத் தூண் என்றோ தூணைச் சுவர் என்றோ ஒருநாளும் மாற்றிச் சொல்லாத மனிதர். கோபத்திலும் அளவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"அப்ப தரைதான் தாங்கக் கூடாது," என்றாள்.

"அதத்தான் உடைச்சுடறேன்கிறேன்."

"ஒண்ணையும் உடைக்க வேணாம். கீழ இறக்காதீங்க. உள்ள கொண்டுபோய், வளைவுக்குக் கீழ நின்னு, பூசை முடியற வரைக்கும் தோள்லயே வெச்சிருங்க. முடிஞ்சதும் வெளிய கொண்டாந்துடுங்க."

"அம்மா!" என்றாள் மகள். "நாற்பது நிமிஷம்! வேணும்னா மேசை மேல வைக்கலாம், தரையில படாதே."

"மேசை எது மேல நிக்குது?"

"தூக்குறவங்க மட்டும் எது மேல நிப்பாங்களாம்?"

கேள்வி நியாயமானதுதான். அவளுக்குக் கோபம் வந்தது, மகள் மேல் இல்லை. "அது ஆளுங்கடி. ஆளுங்க தாங்குறதும் மேசை தாங்குறதும் ஒண்ணா? ஆளு தாங்கக் கூடாதுன்னு உங்கப்பா ஒருநாளும் சொல்லமாட்டாரு."

ஜல்லி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் தாங்கலாமா?"

அவள் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "காலைல ஒண்ணு சொன்னாரு. வளைவுக்கு மேல ஓடு சேர்ற இடத்துல ஈரம் இறங்குதாம். மழைக்கு முன்னாடி பாக்கச் சொல்லுன்னாரு. யாரன்னு கேட்டேன். சொல்லல." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இந்த ஊர்ல அவ்ளோ உசர ஏணி உங்ககிட்ட மட்டும்தானே அண்ணே இருக்கு?"

ஜல்லி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு ஸ்டூலில் குலுங்கியது. மகள் போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஆறு மணிக்கு ஜெபம் செய்ய வந்த ஃபாதர் இளைஞர், ஊருக்கு வந்து ஆறே மாதம். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்தார்.

"பூசை முழுக்கத் தூக்கிட்டே நிக்கறதா? அப்படி ஒரு முறையே இல்லியேம்மா."

"கூடாதுன்னு எங்கயாவது இருக்கா ஃபாதர்?"

அவர் யோசித்தார். "கூடாதுன்னும் இல்ல."

"அப்ப பிரசங்கத்த மட்டும் கொஞ்சம் சுருக்கிக்குங்க. அவருக்கும் அதுதான் பிடிக்கும்."

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பெட்டி சர்ச் வாசலுக்கு வந்தது. ஜல்லி தன் தச்சர்களை உட்காரவைத்து ராவோடு ராவாகச் செய்த பெட்டி, கனமில்லாத மரம். உள்ளே இருந்தவரோ இப்போது நாற்பத்தெட்டு கிலோ இருந்தால் அதிகம். எட்டுப் பேர் தூக்கினார்கள். முன்னால் வலப்பக்கம் ஜல்லி. அவருக்கு இணையாக மருந்துக்கடைக்காரர். பின்னால் மருமகன், அலுவலகத்தில் அவருக்குக் கீழே வரைந்த இருவர், சைக்கிள் கடைக்காரர், தபால்காரர், கடைசியாகப் பேக்கரிக்காரர். பேக்கரிக்காரர் குள்ளம். பெட்டி எட்டாமல் தோளில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருந்தார்.

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். புதுத் தரை பளபளவென்று இருந்தது. கறுப்புக் கோடு ஒரே இழுப்பில் பீடம் வரைக்கும் போயிற்று. இப்போது வலப்பக்கம் ஓர் எட்டு எடுத்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கோட்டைப் பிடித்து நடந்தாலே தூணில் இடிக்காமல் போய்விடலாம்.

வளைவு வந்தது.

"வலது," என்றார் ஜல்லி.

எட்டுப் பேரும் ஒன்றாக வலப்பக்கம் ஓர் எட்டு வைத்தார்கள். பேக்கரிக்காரரின் முட்டி பெஞ்சில் இடித்துச் சத்தம் கேட்டது. ஜல்லி தானே சொன்னதைத் தானே கேட்டவரைப் போல ஒரு கணம் நின்றார். அவர் போட்ட கோடு இப்போது அவர்களுக்கு இடப்புறம், ஓர் அடி தள்ளிக் கிடந்தது.

அவளுக்கு முந்தானைக்குள் சிரிப்பு வந்தது. சிரித்தவுடன், பார்த்தீங்களா என்று பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை என்பது உறைத்தது. அப்போதுதான் முதல் தடவையாக விட்டு அழுதாள். மகள் அவளை அணைத்துக்கொண்டாள்.

அங்கேயே நின்றார்கள், வளைவுக்கு நேர் கீழே. ஃபாதர் பீடத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் வாசகத்துக்கு எல்லாரும் உட்கார வேண்டும். முன் வரிசையில் இருந்தவர்கள் உட்காரப் போனார்கள், தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தார்கள், உட்காராமல் நின்றார்கள். பின் வரிசைகளும் நின்றன. குண்டுத் தூணுக்குப் பின்னால் வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூட வெளியே நகர்ந்து வந்து நின்றார்கள். அன்றைய பூசையில் யாரும் உட்காரவில்லை.

பதினைந்தாவது நிமிடம் மருந்துக்கடைக்காரர் மறு கையையும் பெட்டிக்கு முட்டுக் கொடுத்தார். யாரும் கூப்பிடாமலே ஒரு வாலிபர் வந்து அவருடைய தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தார். அப்புறம் தபால்காரருக்கு ஒருவர் வந்தார், சைக்கிள் கடைக்காரருக்கு ஒருவர். பெட்டி அசையவில்லை, அடியில் ஆட்கள் மட்டும் மாறினார்கள். பேக்கரிக்காரரிடமிருந்து அந்தத் துண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். ஜல்லியை மாற்றவும் ஒருவர் வந்தார். அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். எழுபது வயது. வேர்வை காதுக்குப் பின்னாலிருந்து வழிந்து சட்டைக்குள் இறங்கியது. இரண்டாவது தடவை ஒருவர் வந்தபோது தலையைக்கூட ஆட்டவில்லை.

மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டுப் போனாள். ஜல்லிக்குப் பக்கத்தில் போய் நின்று, பெட்டியின் அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தாங்கினாள். அவளால் எவ்வளவு எடை தாங்க முடியுமோ, ஆனால் ஜல்லியின் தோள் ஒரு விரல்கடை நிமிர்ந்தது.

பிரசங்கம் ஐந்தே நிமிடம். "இந்தக் கட்டடத்தில ஒரு தப்பு இருக்குன்னு நான் வந்த முதல் வாரமே அவர் புத்தகத்துல படிச்சேன்," என்றார் ஃபாதர். "அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டப்ப, 'தப்பு இருக்கறதாலதான் ஃபாதர் அது நிக்குது, அந்த வளைவ மட்டும் எடுத்துப் பாருங்க'ன்னாரு. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல." அதோடு முடித்துக்கொண்டார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். வளைவுக்கு மேலே, கூரை சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கறுத்திருந்தது. போன வாரம் இருந்ததோ என்னவோ. பார்க்கவில்லை என்றுதானே அவரிடம் ஒப்புக்கொண்டாள்.

முப்பத்தாறு நிமிடத்தில் பூசை முடிந்தது. பெட்டியைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். திரும்பும்போது யாருக்கும் கோட்டைப் பார்க்கத் தெம்பில்லை. கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால், இன்னும் இருநூறு அடி நடக்க வேண்டும். வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் ஜல்லியின் முழங்கால் மடங்கியது.

"இங்க இறக்குங்க," என்றாள் அவள்.

வெளிப்படிகளை யாரும் மாற்றவில்லை. இரண்டாவதாகக் கட்ட வந்தவர்கள் போட்ட அதே கல், நடுவில் குழிந்து தேய்ந்தது. மேல்படியில் பெட்டியை வைத்தார்கள். தூக்கியவர்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றிப் படிகளில் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒருவர் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார், ஒருவர் செருப்பைக் கழற்றினார். பேக்கரிக்காரர் முட்டியைத் தடவிக்கொண்டே, "மனுஷன் ஒடம்புல ஒண்ணும் இல்ல, ஆனா என்னா கனம் கனத்தாரு," என்றார். யாரோ சிரித்தார்கள். யாரோ தண்ணீர்ப் பாட்டிலைக் கைமாற்றினார்கள்.

ஃபாதர் வந்து, "குழிகிட்ட ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்கம்மா," என்றார்.

"இருக்கட்டும் ஃபாதர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்."

அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் கூட்டத்தைப் பார்த்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

மகள் அவள் தோளைத் தொட்டுக் கண்ணைக் காட்டினாள். ஜல்லி மேல்படியில், காலரைத் தளர்த்திவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு முழங்கையைப் பெட்டியின் மூடி மேல் ஊன்றி, மொத்தப் பாரத்தையும் அதன் மேல் போட்டுச் சாய்ந்திருந்தார். எதன் மேல் சாய்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. மகள் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தாள்.

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். ஜல்லி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் முழங்கைக்குக் கீழே அந்த மெல்லிய மரம் லேசாகக் கிறீச்சிட்டது.